பட்டாளத்துச் சிரிப்பு!



ஓசூரிலிருந்து பெங்களூருவுக்குப் போகும் வழியில் 'மிலிட்டரி ஹோட்டல்' என்று எழுதிய பலகையைப் பார்த்திருப்பீர்கள். "உள்ளே சிப்பாய்கள் துப்பாக்கியோடு உட்கார்ந்து சாப்பிடுவார்களா அப்பா?" என்று உங்களில் சிலர் கேட்டும் இருப்பீர்கள். உள்ளே போய்ப் பார்த்தால் துப்பாக்கியும் இருக்காது, பீரங்கியும் இருக்காது. சுடச்சுட ராகிக் களியும், ஆட்டுக்கறிக் குழம்பும்தான் இருக்கும்!

நம் எல்லைப் பகுதியிலும் கர்நாடகத்திலும் 'மிலிட்டரி ஹோட்டல்' என்றால் அசைவச் சாப்பாட்டுக் கடை என்று பொருள். அந்தக் காலத்தில் படைவீரர்களுக்குக் கறிச்சோறு போட்ட கடைகளுக்கு இந்தப் பெயர் வந்தது என்பார்கள். வீரர்கள் போய்விட்டார்கள். பெயர் மட்டும் பலகையில் தங்கிவிட்டது!

நம் மாவட்டம் பட்டாளங்கள் நடந்து நடந்து தேய்ந்த மண். ஐதர் அலி, திப்பு சுல்தான் படைகளும் ஆங்கிலேயர் படைகளும் இங்கே மோதின. ராயக்கோட்டை மலைக்கோட்டை 1791-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் இருக்கிறதே கால்நடைப் பண்ணை, அது 1824-இல் தொடங்கியது. ஒரு காலத்தில் அங்கே ராணுவத்துக்காகக் குதிரைகளை வளர்த்தார்கள். இப்போது ராணுவத்துக்கு லாரிதான் குதிரை. ஓசூரில் ஆலைகள் வைத்திருக்கும் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ராணுவ லாரிக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஸ்டாலியன்'. அப்படியென்றால் ஆண் குதிரை!

சரி, ராணுவம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? விறைப்பான நடை, முறுக்கிய மீசை, சிரிக்காத முகம்! ஆனால், உலகத்திலேயே அதிகமாகக் கேலியும் கிண்டலும் பிறக்கும் இடங்களில் ராணுவமும் ஒன்று. சிப்பாய்கள் சாப்பாட்டுக்குப் பெயர் வைப்பார்கள், தண்டனைக்குப் பெயர் வைப்பார்கள், குளிருக்கும் பெயர் வைப்பார்கள். அப்படிப் பிறந்த சொற்களையும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கதைகளையும் இன்று பார்ப்போமா?

வீட்டுக்குள் புகுந்த பட்டாளம்

முதலில் ஒரு ரகசியம். நீங்கள் தினமும் பேசுகிற பேச்சில் பட்டாளத்துச் சொற்கள் நிறைய ஒளிந்திருக்கின்றன.

'பட்டாளம்' என்ற சொல்லே 'பட்டாலியன்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். வீட்டில் விருந்தாளிகள் கூட்டமாக வந்தால், "ஒரு பட்டாளமே வந்திருக்கு" என்று அம்மா சொல்வாரே, அது இதுதான்!

'சிப்பாய்' பாரசீக மொழியிலிருந்து வந்தது. 'டேரா' என்றால் கூடாரம். படைகள் ஓர் இடத்தில் கூடாரம் அடித்துத் தங்குவதுதான் டேரா போடுவது. லீவுக்கு வந்த மாமா பத்து நாளாகியும் ஊருக்குக் கிளம்பவில்லை என்றால், "இங்கேயே டேரா போட்டுட்டார்" என்கிறோம்.

'கவாத்து' என்ற சொல்லுக்கு ராணுவப் பயிற்சி என்று பொருள். உருதுவிலிருந்து வந்தது. கிருஷ்ணகிரி மாம்பழத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு கவாத்து தெரியும். அறுவடை முடிந்ததும் மாமரத்தின் வேண்டாத கிளைகளை வெட்டி ஒழுங்கு செய்வார்களே, அதுவும் கவாத்துதான்! பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கும் முதலில் நடப்பது இதுதான். நீளமாக வளர்த்த தலைமுடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். மரத்துக்கும் கவாத்து, தலைக்கும் கவாத்து!

'காக்கி' என்றால் மண் நிறம். பாரசீகத்தில் 'காக்' என்றால் மண், தூசி. ஆங்கிலேயப் படையினர் முன்பு பளிச்சென்ற சிவப்புச் சட்டை போட்டார்கள். எதிரி குறிபார்க்க அதைவிட வசதி வேறு வேண்டுமா! 1840-களில் பெஷாவர் பக்கத்தில் இருந்த ஒரு படைப்பிரிவு மண் நிறத்தில் உடை அணியத் தொடங்கியது. அது உலகமெங்கும் பரவிவிட்டது.

சினிமாவில், "போலீஸ் மஃப்டியில் வந்திருக்காங்க" என்று கேட்டிருப்பீர்கள். அதுவும் ராணுவச் சொல்தான். 'முஃப்தி' என்றால் இஸ்லாமியச் சட்டம் சொல்லும் அறிஞர். வேலை நேரம் முடிந்ததும் ஆங்கிலேய அதிகாரிகள் தொளதொளவென்று அங்கியும் குல்லாவும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். அதைப் பார்த்தால் நாடகத்தில் வரும் முஃப்தி மாதிரி இருந்ததாம். கேலியாகச் சொன்ன பெயர், 'சீருடை இல்லாத உடை' என்ற பொருளில் நிலைத்துவிட்டது என்கிறார்கள்.

சாவ்தான் என்றால் சாவுதானா?

நம் ஊரிலிருந்து ஒரு பையன் பட்டாளத்தில் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு இந்தி தெரியாது. பயிற்சி மைதானத்தில் கட்டளைகள் இந்தியில் வரும். முதல் நாள், மீசைக்காரப் பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்துகிறார்: "சாவ்தான்!"

"ஐயோ, வந்த முதல் நாளே சாவுதானா?" என்று நம் பையனுக்கு வயிறு கலங்காதா? 'சாவ்தான்' என்றால் கவனமாக, நேராக நில் என்று பொருள். அவ்வளவுதான்!

அடுத்து 'விஷ்ராம்'. இது யாருடைய பெயரும் அல்ல. தளர்ந்து நில் என்று பொருள். 'தேஜ் சல்' என்றால் வேகமாக நட. நடந்துகொண்டே இருக்கும்போது, "தம்!" என்று ஒரு கட்டளை வரும். நம் ஊரில் தம் கட்டுவது என்றால் மூச்சைப் பிடிப்பது. அங்கே 'தம்' என்றால் நில்! 'பீச்சே முட்' என்றால் பின்னால் திரும்பு. அதைக் கேட்டுவிட்டுப் பின்னால் நிற்பவரை முட்டினால் அவ்வளவுதான்!

வார்த்தை புரியாத இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததல்ல. ஆங்கிலேயர் காலத்தில் இரவுக் காவல் காக்கும் சிப்பாய், இருட்டில் யாராவது வந்தால், "யார் வருகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். "ஹூ கம்ஸ் தேர்?" என்பதுதான் அந்தக் கேள்வி. ஆங்கிலம் தெரியாத நம் சிப்பாய்கள் அதைத் தங்கள் வாய்க்கு வசதியாக, "ஹுக்கும்தார்!" என்று மாற்றிவிட்டார்கள். 'ஹுக்கும்' என்றால் கட்டளை. ஆக, கேட்பதற்கும் மிரட்டலாக இருந்தது. வேலையும் நடந்தது!

இடது கால் எது, வலது கால் எது என்று தெரியாமல் தடுமாறியவர்களும் உண்டு. இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அதே திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்தார். 1777-இல் இறக்கும் வரை அந்த மன்னர்களிடமே பணியாற்றினார். அவருடைய கல்லறை அந்தக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் காலத்துப் படைப் பயிற்சியைப் பற்றித் தெற்கே ஒரு செவிவழிக் கதை சொல்வார்கள். வயலிலிருந்து நேராக வந்த வீரர்களுக்கு இடது, வலது குழப்பம் தீரவே இல்லையாம். என்ன செய்தார்கள்? ஒரு காலில் ஓலையைக் கட்டினார்கள். இன்னொரு காலில் சீலைத் துணியைக் கட்டினார்கள். "ஓலைக்கால்! சீலைக்கால்! ஓலைக்கால்! சீலைக்கால்!" என்று சொன்னதும் நடை சரியாகிவிட்டதாம்!

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கே ஒரு காலில் புல்லையும் இன்னொரு காலில் வைக்கோலையும் கட்டி, "புல்லுக்கால், வைக்கோல்கால்" என்று நடக்க வைத்த கதை இருக்கிறது. ரஷ்யாவிலும் இதே புல்லு, வைக்கோல் கதை இருக்கிறது. எந்த நாடானாலும் சிப்பாய் ஆவதற்கு முன்னால் அவர் ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை. புத்தகப் பாடம் ஏறாவிட்டாலும் ஓலையும் வைக்கோலும் நன்றாகத் தெரியும்!

நம்ம ஊர் 'தம்பி'கள்

நீங்கள் வகுப்பில் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைப்பீர்கள், இல்லையா? சிப்பாய்களும் அப்படித்தான்.

ஆங்கிலேயச் சிப்பாய்க்குப் பெயர் 'டாமி'. ராணுவப் படிவங்களை எப்படி நிரப்புவது என்று காட்ட, மாதிரிக்காக 'தாமஸ் அட்கின்ஸ்' என்ற பெயரைப் போட்டிருந்தார்கள். அதைச் சுருக்கி டாமி ஆக்கிவிட்டார்கள். நம் தெருவில் போய் "டாமி" என்று கூப்பிட்டால், வாலை ஆட்டிக்கொண்டு வேறு ஒருவர் ஓடி வருவார்!

அமெரிக்கச் சிப்பாய்க்கு 'ஜி.ஐ.' என்று பெயர். அரசு வழங்கிய பொருள் என்பதன் சுருக்கம் அது என்பார்கள். போர்வை, சோப்பு, பூட்ஸ் எல்லாம் அரசு கொடுத்தது. "நானும் அந்த மாதிரி ஒரு சாமான்தானே!" என்று தங்களையே கிண்டல் செய்துகொண்டார்கள். முதல் உலகப் போரில் பிரெஞ்சுச் சிப்பாய்களுக்கு 'முடிக்காரர்' என்று பொருள் தரும் பெயர் இருந்தது. பதுங்குகுழிக்குள் தாடி மழிக்க ஏது நேரம்?

நம் நாட்டில் 'ஜவான்' என்கிறோம். இளைஞர் என்று பொருள். ஆனால், எனக்கு மிகவும் பிடித்த பெயர் வேறு. பெங்களூருவில் அல்சூர் ஏரிக்கரையில் 'மதராஸ் சேப்பர்ஸ்' என்ற படைப்பிரிவின் மையம் இருக்கிறது. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரம்தான். 1780-இல் தொடங்கிய படை அது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது எல்லாம் இவர்கள் வேலை. இந்த வீரர்களை இந்திய ராணுவம் முழுவதும் எப்படி அழைக்கிறது தெரியுமா? 'தம்பி'! பஞ்சாபிக்காரரும் சொல்வார், வங்காளியும் சொல்வார்: "தம்பிகள் வந்துட்டாங்க, இனிமே பாலம் வந்துடும்!"

அது வெறும் பேச்சல்ல. 2024 ஜூலை 30-ஆம் தேதி கேரளத்தின் வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டு ஊர்களே புதைந்தன. ஆற்றுப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. மறுகரையில் மாட்டிக்கொண்டவர்களிடம் போக வழியில்லை. இந்தத் தம்பிகள்தான் இரவு பகலாக, கொட்டும் மழையில், சுமார் 31 மணி நேரத்தில் 190 அடி நீளமுள்ள இரும்புப் பாலத்தைக் கட்டி முடித்தார்கள். ஒரு தமிழ்ச் சொல், ராணுவத்தில் எத்தனை மரியாதையைச் சம்பாதித்திருக்கிறது பாருங்கள்!

லங்கரில் என்ன சமையல்?

ராணுவ வீரர்களின் சமையற்கூடத்துக்கு 'லங்கர்' என்று பெயர். அங்கே பெரிய பெரிய டேக்சாக்களில் பருப்பு கொதிக்கும். நம் வீட்டுக் கல்யாணத்தில் சோறு வடிக்கிறோமே, அதே டேக்சாதான்! இந்தச் சொல்லை ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கே கேட்டு, 'டிக்சி' என்று மாற்றி, ஐரோப்பியப் போர்க்களம் வரை கொண்டுபோய்விட்டார்கள்.

ஜெர்மானியச் சிப்பாய்கள் தங்கள் நடமாடும் சமையல் வண்டிக்கு 'குழம்புப் பீரங்கி' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். அதன் புகைபோக்கி நீட்டிக்கொண்டு, பார்ப்பதற்குப் பீரங்கி மாதிரியே இருந்ததாம். எல்லாப் பீரங்கியைக் கண்டும் ஓடி ஒளிந்தவர்கள், இந்தப் பீரங்கியைக் கண்டால் மட்டும் தட்டோடு ஓடி வந்தார்கள்!

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வீரர்களுக்குக் கல் மாதிரி கெட்டியான ரொட்டி கொடுத்தார்கள். 'பல் மழுக்கி' என்றும், 'புழுக் கோட்டை' என்றும் அதற்குப் பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். ஏன் புழுக் கோட்டை? உள்ளே குடியிருந்தவர்கள் புழுக்கள்!

பசியைப் போலவே வதந்தியும் சமையலறையில்தான் வளரும். "அடுத்த மாதம் நம்மை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறார்களாம்" என்று யாராவது கிளப்பிவிடுவார். இந்திய ராணுவத்தில் இதற்கு 'லங்கர் கப்' என்று பெயர். 'கப்' என்றால் வெட்டிப்பேச்சு. அதாவது, சமையற்கட்டுச் செய்தி! ஆஸ்திரேலியப் படையில் வதந்தியை 'ஃபர்ஃபி' என்பார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் அவர்கள் முகாமுக்குத் தண்ணீர் கொண்டுவந்த வண்டிகளில் எழுதியிருந்த நிறுவனத்தின் பெயர் அது. தண்ணீர் வண்டியைச் சுற்றி நின்றுதானே கதை அளந்தார்கள்! கப்பலில் இருந்த குடிநீர்ப் பீப்பாயின் பெயரே அமெரிக்கக் கடற்படையில் வதந்திக்கும் பெயராகிவிட்டது.

நம் ஊர்க் குழாயடி மாதிரியே இருக்கிறது, இல்லையா? குடம் நிரம்புவதற்குள் ஊர்க்கதை முழுவதும் வந்துவிடும்!

பட்டாளக் குட்டி அகராதி

உஸ்தாத்: பயிற்சி கொடுக்கும் ஆசிரியர். நம்ம ஊர் வாத்தியார்!

ரகடா: தண்டனைப் பயிற்சி. தேய்ப்பது, அரைப்பது என்று பொருள். அம்மியில் சட்டினி அரைபடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிட்டு: முதுகில் சுமக்கும் மூட்டை. மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்த கதை உங்களுக்குத் தெரியும். இங்கே பிட்டையே சுமக்க வேண்டும்!

பராகானா: அதிகாரிகளும் வீரர்களும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் பெரிய விருந்து.

ஷக்கர்பாரா: தேநீரோடு கொறிக்கும் இனிப்பு. மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பொரித்தது.

சுட்டி: நம் ஊரில் சுட்டி என்றால் குறும்புக்காரப் பிள்ளை. அங்கே விடுமுறை! பட்டாளத்தில் எல்லோருக்கும் பிடித்த சொல் இதுதான்.

சிரிப்புக்குப் பின்னால்...

குழந்தைகளே, இப்போது கொஞ்சம் யோசியுங்கள். இத்தனை கஷ்டத்திலும் இவர்களால் எப்படிச் சிரிக்க முடிகிறது?

'விலாயத்தி' என்ற சொல்லைக் கேட்டிருக்கிறீர்களா? வெளிநாட்டுக்குரியது என்று பொருள். நம் நாட்டில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் அதை 'பிளைட்டி' ஆக்கினார்கள். தங்கள் தாய்நாட்டைச் செல்லமாக அப்படி அழைத்தார்கள். முதல் உலகப் போரில், உயிருக்கு ஆபத்தில்லாத ஆனால் ஊருக்கு அனுப்பிவிடக் கூடிய காயத்துக்கு 'பிளைட்டிக் காயம்' என்று பெயர் வைத்தார்கள். "எனக்கு ஒரு பிளைட்டி கிடைக்காதா?" என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். காயம் படாதா என்று ஒருவர் ஏங்குகிறார் என்றால், அவர் இருந்த இடம் எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும்!

மகாராஷ்டிரத்தில் நாசிக் அருகே தேவ்லாலி என்று ஓர் ஊர். பணி முடிந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஊருக்குப் போகும் கப்பலுக்காக அங்கே முகாமில் காத்திருந்தார்கள். வருடத்தில் சில மாதங்கள்தான் கப்பல் போகும். வெயில், சலிப்பு, காய்ச்சல். காத்திருந்து காத்திருந்து சிலருக்குச் சித்தம் கலங்கியது. 'டூலாலி' என்றால் புத்தி பேதலித்தவர் என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லே பிறந்துவிட்டது. கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால், அது வீட்டை நினைத்து ஏங்கியவர்களின் கதை.

"அவசரமாக ஓடு, அப்புறம் காத்திரு!" என்பது உலகத்து ராணுவங்களிலெல்லாம் சொல்லப்படும் ஒரு கேலிப் பழமொழி. விடியற்காலை எழுப்பி ஓடவிட்டு, வரிசையில் மணிக்கணக்காக நிற்க வைப்பார்களாம்.

1941-42 குளிர்காலத்தில் ரஷ்யாவுக்குள் போன ஜெர்மானியப் படையினர் குளிரில் விறைத்தே செத்தார்கள். பிழைத்தவர்களுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அந்தப் பதக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர், 'உறைந்த இறைச்சிப் பதக்கம்'! தங்கள் விரல்களும் கால்களும் உறைந்துபோனதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

நம் வீரர்களையும் பாருங்கள். 1984-ஆம் ஆண்டு முதல் சியாச்சின் பனிமலையில் நம் ராணுவம் காவல் காக்கிறது. சில காவல் இடங்கள் 20,000 அடிக்கும் மேலே இருக்கின்றன. 2019-இல் அங்கிருந்து ஒரு காணொளி வந்தது. ஒரு வீரர் பழச்சாறு அட்டைப்பெட்டியைப் பிரிக்கிறார். உள்ளே இருந்தது செங்கல்! உறைந்துபோன சாறு. சுத்தியலால் அடிக்கிறார். முட்டையைத் தரையில் போட்டால் பந்து மாதிரி எகிறுகிறது. உருளைக்கிழங்கு, தக்காளி, இஞ்சி எல்லாமே சுத்தியல் கேட்கின்றன. வீரர்கள் சிரித்துக்கொண்டே காட்டுகிறார்கள். "இந்த மாதிரி முட்டை இங்கேதான் கிடைக்கும்" என்கிற தோரணை! பார்த்தவர்களுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

வீட்டிலிருந்து தொலைபேசியில் அம்மா கேட்பார், "சாப்பிட்டியாப்பா? குளுருதா?" என்று. "எல்லாம் ஜோரா இருக்கும்மா. இங்கே பிரிஜ்ஜே தேவையில்ல!" என்று பட்டாளத்துப் பிள்ளை பதில் சொல்வான். அம்மா பயப்படக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வேடிக்கை.

மலைச் சாலையில் ஒரு பாடம்

நம் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கே தொடங்குகிறது தெரியுமா? காஷ்மீரின் ஸ்ரீநகரில்! கன்னியாகுமரியில் முடிகிறது. 3,700 கிலோமீட்டருக்கு மேல் நீளம். சுங்கச்சாவடியில் நிற்கும் லாரியைப் பிடித்து வடக்கே போய்க்கொண்டே இருந்தால், ஸ்ரீநகர் வந்துவிடும். அங்கிருந்து இன்னும் மேலே ஏறினால் லடாக்.

அந்த மலைச் சாலைகளைக் கவனித்துக்கொள்வது எல்லைச் சாலைகள் அமைப்பு. 1960-இல் தொடங்கியது. ராணுவப் பொறியாளர்களும் அதில் வேலை பார்க்கிறார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். அங்கே இவர்கள் வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகைகள் உலகப் புகழ் பெற்றவை. ஆங்கிலத்தில் இருக்கும். ஒன்றின் கருத்தை நம் மொழியில் சொன்னால் இப்படி இருக்கும்: 'காலம் தாழ்ந்து வந்தாலும் பரவாயில்லை, காலமாகிவிடாதே!' இன்னொன்று: 'அவசரம் குழம்பைக் கெடுக்கும்!' வேகத்தைக் குறை என்று அதட்டியிருந்தால் ஓட்டுநர் படித்துவிட்டு மறந்திருப்பார். சிரிக்க வைத்ததால் நினைவில் வைத்துக்கொள்கிறார். உயிரும் தப்புகிறது.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளோடு இருந்தவன் நான். நம் பகுதிப் பள்ளிகளின் நிலைமை உங்களுக்கே தெரியும். ஒரே பெஞ்சில் தமிழ் பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை, தெலுங்கு பேசும் பிள்ளை. சிப்காட் ஆலைகளில் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் ஒடியாவும் இந்தியும் பேசுவார்கள். ஒரு குட்டிப் பட்டாளம்தான்!

என் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு சிறுவன் இருந்தான். தமிழ்ப் பாடம் வாசிக்கும்போது 'வாழைப்பழம்' என்பதை 'வாலைப்பலம்' என்றான். வகுப்பே சிரித்தது. அவன் முகம் சிறுத்துப்போய் உட்கார்ந்துவிட்டான். அடுத்த நாள் வாசிக்கச் சொன்னால் எழுந்திருக்கவே இல்லை.

அப்போது ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய அப்பா ராணுவத்தில் இருந்தார். "சார், எங்கப்பா பட்டாளத்துல சேர்ந்தப்போ அவருக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாதாம். 'சாவ்தான்'னு கத்தினதும் பயந்து நடுங்கிட்டாராம். பக்கத்துல நின்ன பீகார்க்காரர்தான் கையைப் பிடிச்சு நேரா நிறுத்தினாராம். அவரு இன்னமும் எங்கப்பாவுக்குப் போன் பண்ணுவாரு சார்!" என்றாள்.

வகுப்பு மறுபடியும் சிரித்தது. இந்த முறை அந்தச் சிறுவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு எழுந்து வாசித்தான். 'வாலைப்பலம்' என்றுதான் வாசித்தான். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தான். 'ழ' வருவதற்கு ஒரு மாதம் ஆனது. ஆனால், வந்துவிட்டது!

இரண்டு சிரிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? முதல் சிரிப்பு ஒருவனைத் தனியாக நிறுத்தியது. இரண்டாவது சிரிப்பு அவனை உள்ளே சேர்த்துக்கொண்டது. நல்ல பட்டாளத்துச் சிரிப்பு இந்த இரண்டாவது வகை. குளிரைக் கேலி செய்வார்கள், கெட்டி ரொட்டியைக் கேலி செய்வார்கள், தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வார்கள். அது எல்லோருக்கும் பொதுவான கஷ்டம். அதனால் எல்லோரும் சேர்ந்து சிரிக்கலாம். பக்கத்தில் நிற்பவனின் மொழியையோ, நிறத்தையோ, உடம்பையோ பார்த்துச் சிரித்தால் என்ன ஆகும்? நாளைக்குப் பனியில் சறுக்கி விழும்போது கை கொடுக்க வேண்டியவன் அவன்தானே!

வடக்கே சிலர் நம்மைக் கிண்டலாக 'மதராசி' என்பார்கள். ஆனால், 1758-இல் தோன்றிய மதராஸ் ரெஜிமென்டின் போர் முழக்கமே 'வீர மதராசி' என்றுதான் தொடங்குகிறது. நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கும் அந்தப் படைமையத்தில், இன்றும் அந்தச் சொல்லைத் தலை நிமிர்ந்து சொல்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை!

உங்கள் தெருவிலோ பக்கத்துக் கிராமத்திலோ பட்டாளத்துத் தாத்தா ஒருவர் நிச்சயம் இருப்பார். ஓசூர் ஆலைகளின் வாசலில் காவல் பணி செய்பவர்களிலும் முன்னாள் ராணுவத்தினர் பலர் உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களில் ஒருவரிடம் போய், வணக்கம் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: "தாத்தா, பட்டாளத்தில் நீங்கள் சொல்லிச் சிரித்த மூன்று வார்த்தைகளைச் சொல்லுங்கள்!"

போரைப் பற்றிக் கேட்டால் அவர் ஒருவேளை பேசாமல் இருந்துவிடுவார். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். சிரித்ததைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். உஸ்தாத் வருவார், ரகடா வரும், லங்கர் வரும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சொற்களும் வரும். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி, அது எந்த மொழிச் சொல், என்ன பொருள், எந்த இடத்தில் கேட்டது என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். எழுதி வைக்காவிட்டால் அந்தச் சொற்கள் அவரோடு போய்விடும்.

கிளம்பும்போது மறக்காமல், நேராக நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் வையுங்கள். "சாவ்தான்!" என்று அவர் சொன்னால் பயந்துவிடாதீர்கள். அதற்குத்தான் இப்போது பொருள் தெரியுமே!